பாடம்: அதலைக்காய் – கூட்டாகப் பறிப்போம், அன்றைக்கே விற்போம்



தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பயர் ஆபீஸ் கேட்டில் பூட்டுத் தொங்கும். விடிந்ததும் ஊர் முனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும் வேன் வராது. மழை பிடித்துக்கொண்டால் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை குறையும், மருந்து காய வெயில் வேண்டுமே. ஒரு மாதத்தில் பூஜை போட்டுத் திறக்கிற ஆலையும் உண்டு, தை பிறக்கட்டும் என்று இழுக்கிற ஆலையும் உண்டு. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்த நவம்பரில் பூட்டிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. அந்தச் சமயம் எத்தனை வீட்டில் தோடு அடகுக்குப் போனது என்பது அவரவருக்குத் தெரியும்.

இந்த வேலையில்லாத வாரங்களில்தான் முன்பணம் வாங்குகிறோம். "இப்ப வாங்கிக்க, வேலை தொடங்கினதும் கழிச்சுக்கலாம்" என்பார்கள். வாங்கிவிட்டால் அடுத்த தீபாவளி வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. பாதுகாப்பு சரியில்லாத அறை என்று தெரிந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும். குழுக் கடன் தவணையும் இந்த மாதங்களில்தான் தவறுகிறது. நாங்கள் கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் சிவப்பு மையில் சுழித்திருக்கிறது.

சரி, அதே வாரங்களில் நம் கரிசல் காட்டில் என்ன நடக்கிறது? ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் அதலைக்கொடி படர்ந்து காய்த்துக் கிடக்கிறது. யாரும் விதைத்ததில்லை. யாரும் தண்ணீர் விட்டதில்லை. ஐப்பசி கடைசியில் தொடங்கி மார்கழி, தை வரை காய்க்கும். வேலை நிற்கிற காலமும் காய் வருகிற காலமும் ஒன்றாக இருக்கிறது. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

வாக்கப்பட்டு வெளியூரிலிருந்து வந்த சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. அதலை, பாகல் இனத்துக் கொடி. காய் விரல் நுனி அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் கூர்ந்து, மேலே வரிவரியாகப் பச்சை. கசக்கும், ஆனால் பாகற்காய் மாதிரித் தொண்டையில் நிற்காது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. கோடையில் கொடி காய்ந்து மறைந்தாலும் கிழங்கு உயிரோடு கிடந்து, மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். விருதுநகர், மதுரை, தூத்துக்குடி மாவட்டக் கரிசல் ஊர்களில் இதற்கு நல்ல மதிப்பு. கர்நாடகாவில் பெல்லாரிப் பக்கமும் ஆந்திராவில் ராயலசீமையிலும் இதே காயைச் சாப்பிடுகிறார்கள், பெயர்தான் வேறு. விதை லேசில் முளைக்காது. அதனால்தான் பாகல், புடலை மாதிரி இதைத் தோட்டப் பயிராக யாரும் பெரிதாகச் செய்யவில்லை. காட்டுக்குப் போய்ப் பறித்தால்தான் உண்டு.

காய் பொடிசு என்பதால் ஒருத்தி தனியாகப் போனால் ஒரு காலைப் பொழுதில் ஒன்றரை கிலோ பறிப்பதே பெரிது. அந்த ஒன்றரை கிலோவைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். அதனால் ஊருக்கு வருகிற வியாபாரியிடம் அவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? அவரிடம் வண்டி இருக்கிறது. நம்மிடம் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மூடை இருக்கிறது, அதை நாம் நினைப்பதில்லை.

இந்தக் காயில் இன்னொரு சிக்கல் உண்டு. பறித்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். அதற்கு மேல் வெடித்து விதை வெளியே வந்துவிடும். வெடித்த காயை யாரும் வாங்க மாட்டார்கள். இதில் நாங்களே ஒரு தப்புச் செய்தோம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய கடையில் ஆர்டர் பிடித்து வந்தோம். நகரத்தில் நல்ல விலை, வாரம் ஒரு தடவை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருந்தது. மூன்று குழுக்களைப் பேச வைத்து, இரண்டு நாள் பறித்து, ஈரம் காயாமலே பாலித்தீன் பையில் கட்டி, ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டோம். அப்போதே ஒரு பெரியம்மா சொன்னார்: "ஏம்மா, இது என்ன வெங்காயமா? நாளைக்கு அவிச்ச பயறு மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கும்." நாங்கள் படித்தவர்கள் அல்லவா, கேட்கவில்லை. மூன்றாம் நாள் வண்டி வந்தபோது முக்கால்வாசி வெடித்துக் கிடந்தது. கடைக்காரர் எடுக்கவில்லை. முப்பது கிலோவுக்கு மேல் மாட்டுக்குப் போட்டோம். பறித்த கூலியும் இல்லை, சாக்குக் காசும் இல்லை. அந்தக் குழுக்கள் அடுத்த வருடம் எங்களை நம்பவில்லை. நியாயம்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பெரியம்மாவையே கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதிகாலையில் பனி விலகியதும் பறிக்க வேண்டும். பிஞ்சுக் காயாக எடுக்க வேண்டும், முற்றி வெளிறியதைக் கொடியிலேயே விட்டுவிடலாம். ஓலைப்பெட்டியிலோ பருத்தித் துணியிலோ பரப்பி வைத்து நிழலில் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் தெளிக்கவே கூடாது. மத்தியானத்துக்குள் சந்தையில் இருக்க வேண்டும். விற்காமல் மிஞ்சியதை அன்று சாயங்காலமே மோரும் உப்பும் போட்டு ஊறவைத்து, மறுநாள் வெயிலில் வத்தலாக்கிவிட வேண்டும். இந்தக் காய்க்குத் தூரத்து ஆர்டர் சரிப்படாது. பக்கத்துச் சந்தைதான் சரி.

இப்போது சில குழுக்களில் நடக்கிற முறையைச் சொல்கிறோம். பத்துப் பேர் சேர்ந்து பெயர் கொடுக்கிறார்கள். யாருக்கும் கூலி கிடையாது, விருப்பப்பட்டு வருவதுதான். எட்டுப் பேர் காட்டுக்குப் போனால் இரண்டு பேர் சந்தைக்கு. மறுநாள் முறை மாறும். பறித்ததை ஊர் மந்தையில் எல்லார் முன்னாலும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். யார் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவதா, பொதுவாக எழுதுவதா என்பதில் சண்டை வந்தது. "நான் ரெண்டு கிலோ பறிச்சேன், அவ வரப்புல உக்காந்து பேசிட்டு வந்தா, ரெண்டு பேருக்கும் ஒண்ணா?" என்று ஒரு மதினி கேட்டார். கேள்வி சரிதான். ஒரு குழு எடைக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்கிறது. இன்னொரு குழுவில், முட்டி வலியால் குனிய முடியாத இரண்டு பாட்டிகள் இருப்பதால் சமமாகப் பிரிக்கிறார்கள், பாட்டிகள் காம்பு கிள்ளிக் கூறு கட்டித் தருகிறார்கள். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். பறிக்கத் தொடங்குவதற்கு முன்பே பேசித் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காசு கைக்கு வந்த பிறகு பேசினால் உறவு கெடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை வருடத்துக்கு வருடம், ஏன், காலைக்கும் மாலைக்குமே மாறும் என்பதால் இதை உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் ஆளுக்கு ஒன்றரை கிலோ பறித்தால் 12 கிலோ. வியாபாரி கிலோவுக்கு 60 ரூபாய் கொடுத்தால் மொத்தம் 720. நாமே சந்தையில் கூறு போட்டுக் கிலோ 120 ரூபாய் கிடைக்கும்படி விற்றால் 1,440. இதில் தரைவாடகை, டீச்செலவு என்று 90 ரூபாய் போனால் 1,350. பத்தில் ஒரு பங்கு 135 ரூபாயைக் குழுப் பொதுநிதிக்கு ஒதுக்கினால் மீதி 1,215. பத்துப் பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 121 ரூபாய் 50 பைசா. பெரிய பணம் இல்லை. ஆலைக் கூலிக்கு இது ஈடாகும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் வாரத்துக்கு நான்கு நாள், எட்டு வாரம் போனால் ஆளுக்கு 3,888 ரூபாய். பொதுநிதியில் 4,320 ரூபாய். அந்தப் பொதுநிதியிலிருந்து மார்கழியில் அவசரத்துக்குக் கடன் கொடுக்கலாம். முன்பணம் வாங்காமல் தை மாதம் வேலைக்குப் போகிற சகோதரி, எந்த ஆலையில் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் போகலாம். அதுதான் இதில் நிஜமான லாபம்.

சந்தைக்குப் போவது எப்படி? தமிழ்நாட்டில் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் தொடங்கியது. நம் மாவட்டத்திலும் விருதுநகர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் போன்ற ஊர்களில் இருக்கிறது. அங்கே தரகர் இல்லை. ஆனால் விவசாயி அடையாள அட்டை உள்ளவர்தான் கடை போடலாம். நிலம் இல்லாத சகோதரி தனியாகப் போய் நின்றால் இடம் கிடைப்பது கஷ்டம். குழுவில் பட்டா உள்ள ஒரு உறுப்பினர் அட்டை எடுத்துக்கொண்டால் வழி திறக்கும். இல்லையென்றால் குழுத் தீர்மானத்தோடு சந்தை நிர்வாக அலுவலரைப் பார்த்து, மகளிர் குழுவுக்கு இடம் கேட்டு எழுத்தாகக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே பதில் வரும். அது கிடைக்கும் வரை வாரச்சந்தை இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு வாசலும் இருக்கிறது. சாத்தூரில் வெள்ளரிக்காய்க்குப் பேர் வாங்கித் தந்தது கூடையோடு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடிய வியாபாரிகள்தானே!

பஸ் விஷயத்தில் இரண்டு சலுகை இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்ததுதான் பலருக்குத் தெரியவில்லை. 2025 மார்ச் 8, மகளிர் தினத்தன்று சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அந்த அட்டை இருந்தால் குழுப் பொருட்களை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரம் வரை அரசு பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று அறிவித்தார்கள். அட்டை வராத குழுக்கள் வட்டார இயக்க மேலாளரிடம் கேளுங்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு கண்டக்டரிடம் தகராறு செய்வதைவிட, முதல் நாளே டிப்போவில் நேரக் காப்பாளரிடம் பேசிவிட்டால் நல்லது.

காடு யாருடையது என்ற பேச்சுக்கு வருவோம். அதலைக்காய் விதைக்காத காய்தான், ஆனால் முளைத்த நிலம் ஒருவருடையது. முன்பெல்லாம் பருத்திக் காட்டிலும் மிளகாய்க் காட்டிலும் களையெடுக்கப் போகிறவர்கள் மடியில் பறித்துக்கொண்டு வருவார்கள், காட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கடலை பிடுங்கிய பிறகு தப்புக்கடலை பொறுக்க விடுவதில்லையா, அந்த மாதிரி. இப்படி விட்டுப்போனதைப் பொறுக்குவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், விலை கிடைக்காமல் விடப்பட்ட காய்கறி, பழங்களைத் தொண்டர்கள் கூட்டமாகப் போய், தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் பறிக்கிறார்கள். ஆனால் காய்க்கு விலை வந்துவிட்டால் எல்லா ஊரிலும் மனசு மாறத்தான் செய்யும்.

ஒரு ஊரில் இதனால் பெரிய சத்தமே வந்தது. வெளியூரிலிருந்து யாரோ வந்து, காயோடு நிற்காமல் மருந்துக்கென்று கிழங்கையும் தோண்டிப் போனார்கள். மிளகாய்ச் செடியும் மிதிபட்டது. மறுநாள் நம் குழு உறுப்பினர்கள் போனபோது காட்டுக்கார அம்மா, "ஒருத்தியும் வரப்புல கால் வைக்கக் கூடாது" என்று விரட்டிவிட்டார். உறுப்பினர்களுக்கு அவமானமாகிவிட்டது. "களையைப் பறிக்கவும் கையேந்தணுமா?" என்று சிலர் கோபப்பட்டார்கள். குழுத் தலைவி அன்று சாயங்காலம் அரைக் கிலோ காயோடு அவர் வீட்டுக்குப் போனார். பேசியதில், அவருக்கும் களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் இருப்பது தெரிந்தது. கடைசியில் இப்படி முடிவானது: பறிக்க வருகிறவர்கள் கூடவே பெரிய களைகளைப் பிடுங்கிப் போட வேண்டும், கிழங்கில் கை வைக்கக் கூடாது, வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்குக் குழம்புக்குக் காய் கொடுக்க வேண்டும். அவர் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கு: மழைக்காலத்தில் களைக்கொல்லி அடிப்பதாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடைசி வாக்குத்தான் முக்கியம். கரிசலில் மக்காச்சோளம் பரவிய பிறகு களைக்கொல்லி அடிப்பது கூடிவிட்டது. ரொட்டவேட்டர் கிழங்கைத் துண்டு துண்டாக்குகிறது. தரிசாகப் போட்ட நிலத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அதலை நிறைந்து கிடந்த சில காடுகளில் இன்று ஒரு கொடி இல்லை. மருந்து அடித்த காட்டில் எக்காரணம் கொண்டும் பறிக்காதீர்கள், நம் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடும். கிழங்கைத் தோண்டாதீர்கள், அது அடுத்த வருடத்து முதல். நாலு காயை முற்ற விட்டு வாருங்கள், விதை விழட்டும்.

தெலுங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்று ஒரு ஊர். அங்கே 1983-ல் தொடங்கிய டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தில் நம்மைப் போலக் குழு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நிலம் குறைந்த தலித் பெண்கள். சிறுதானியக் காட்டில் தானாக முளைக்கிற கீரைகளை அவர்கள் களை என்று ஒதுக்குவதில்லை. எது எந்த மாதத்தில் வரும், எப்படிச் சமைப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வருடம் ஒருமுறை விதைகளை மாட்டு வண்டியில் அலங்கரித்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளின் அறிவுக்குத்தான் அந்தப் பரிசு என்று நாங்கள் நினைக்கிறோம். நம் ஊர்ப் பாட்டிகளிடமும் அதலை மட்டுமா இருக்கிறது? மிதுக்கங்காய், சுக்காங்காய், இலந்தை, கொடுக்காப்புளி என்று ஒரு நோட்டு நிறைய எழுதலாம்.

சத்து பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அதலைக்காயில் கால்சியமும் நார்ச்சத்தும் நன்றாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன, சுண்ணாம்புச் சத்தில் பாகற்காயை மிஞ்சும். நம்மைப் போல இடுப்பு வலி, மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் விற்கும்போது "சக்கரை பறந்து போயிரும், மாத்திரை வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது. கிழங்கு சாப்பாட்டுக்கு இல்லை. அதைக் கருக்கலைக்கக் கொடுக்கும் பழைய வழக்கம் இருந்திருக்கிறது, எலிகளிடம் செய்த ஆய்விலும் அது கருவைப் பாதித்திருக்கிறது. கர்ப்பிணிச் சகோதரிகள் காயைச் சாப்பிடுவது பற்றிக் கிராம செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

பறிக்கப் போகும்போது மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். கொடிக்குள் கை விடும் முன்பு குச்சியால் தட்டிப் பாருங்கள், விரியன் சுருண்டு கிடக்கும். பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். "சின்னக் கை, நல்லாப் பறிக்கும்" என்ற பேச்சைத் தீப்பெட்டி ஆபீசில் ஒரு காலத்தில் கேட்டது போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேச வேண்டியவை: நம் ஊரில் இன்னும் அதலை காய்க்கிற காடுகள் எவை, காட்டுக்காரர்களிடம் யார் போய்ப் பேசுவது? சமமாகப் பிரிப்பதா, எடைக்குப் பிரிப்பதா? சந்தைக்குப் போக முதல் வாரம் யார் இரண்டு பேர்? போன தீபாவளிக்குப் பிறகு நம் குழுவில் எத்தனை பேர் முன்பணம் வாங்கினோம்? கடைசிக் கேள்விக்குக் கை தூக்கச் சொல்ல வேண்டாம், சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் தீர்மான நோட்டில் எழுதி, ஐப்பசி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதி கையோடு கொண்டுவரவும்.